இறங்கிய தோள், ஏறாத கை

தோள் இறங்கியவர் க்ளினிக் வாசலில் வரும்போதே தெரிந்துவிடும். ஒரு கையை இன்னொரு கையால் பச்சைக் குழந்தையை ஏந்துவது போல ஏந்திக்கொண்டு, உடம்பை அந்தப் பக்கமாகவே சாய்த்து, அடிமேல் அடி வைத்து வருவார். உருண்டையாக இருக்க வேண்டிய தோள், பலகை வைத்து அடித்தாற்போலச் சதுரமாக இருக்கும். உத்திரமேரூரில் 1990 முதல் எலும்பு மருத்துவம் பார்க்கிறேன். பஸ் நிலையத்திலிருந்து என் க்ளினிக்குக்கு வந்து சேர்வதற்குள் அவருக்குப் பின்னால் நாலு பேர் சேர்ந்திருப்பார்கள். "லேசா இஸ்து வுட்டா ஒக்காந்துக்கும் சார்" என்பது அந்த நாலு பேரின் ஒருமித்த தீர்ப்பாக இருக்கும்.

இழுத்துவிட்டால் உட்கார்ந்துகொள்ளும்தான். என் தொழிலின் முதல் பதினைந்து வருஷம் அந்த ஒரு வாக்கியத்தை நம்பியே ஓடியது.

தோள்மூட்டு அகல் விளக்கின் மேல் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி. பழம் பெரிசு, அகல் சின்னது, ஆழமும் கிடையாது. அதனால்தான் கையை எந்தத் திசையிலும் சுழற்ற முடிகிறது. அதனால்தான் உடம்பிலேயே அதிகம் நழுவும் மூட்டாகவும் அது இருக்கிறது. நழுவியதை உள்ளே தள்ள ஆயிரம் வழி சொல்வார்கள். அக்குளில் குதிகாலை முட்டுக்கொடுத்து இழுப்பது கிரேக்கத்து ஹிப்போகிரட்டிஸ் பெயரில் வழங்கும் முறை. 1870இல் கோக்கர் எழுதிய முறையில் முழங்கையை மடக்கி, வெளிப்பக்கம் திருப்பி, மார்புக்குக் குறுக்கே கொண்டுவர வேண்டும். நான் மெட்ராஸில் டி.ஆர்த்தோ படித்தபோது எங்கள் பேராசிரியர், ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்குக் கோக்கரைத் தொடவே கூடாது என்பார். மூட்டு உள்ளே போகிறதோ இல்லையோ, மேற்கை எலும்பு முறுக்காக ஒடிந்து வரும் என்பார்.

எனக்குக் கைவந்தது குப்புறப் படுக்கவைக்கும் முறை. கட்டில் ஓரத்தில் கை தொங்க வேண்டும். மணிக்கட்டில் ஒரு மஞ்சள் பையைக் கட்டி, சலைன் பாட்டில்களை ஒவ்வொன்றாக உள்ளே வைப்பேன். நாலைந்து கிலோ சேர்ந்ததும் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். வீட்டில் இன்று என்ன குழம்பு, பேத்தி எத்தனாவது படிக்கிறாள், ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பேச்சு ஓடும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் சதை இறுக்கம் விட்டு, 'களுக்'கென்று ஓர் அதிர்வு. காதுக்குக் கேட்பதைவிட விரலுக்குத்தான் அது நன்றாகத் தெரியும். அந்த நொடியில் முகத்தில் வரும் நிம்மதி இருக்கிறதே, எலும்பு மருத்துவத்தில் இவ்வளவு சீக்கிரம் நல்ல பெயர் வாங்கித் தரும் வேலை வேறு கிடையாது. ஒரு தேங்காய், இரண்டு பூவன் பழச்சீப்பு, சில சமயம் ஒரு நாட்டுக்கோழி என்று கூலியோடு கூடுதலாகவும் வரும்.

பிறகு மூன்று வாரம் கையைக் கட்டித் தொங்கவிடுவோம். இருபது வயசுக் கபடிப் பையன் என்றால் மறுபடி இறங்கும் என்று எச்சரித்து அனுப்புவோம், அப்படியே நடக்கும். நாற்பதைத் தாண்டியவருக்கு மறுபடி இறங்குவது பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோதான். ஆகவே வயசானவர்களிடம் தைரியமாகச் சொல்வேன்: "இனிமே இறங்காதும்மா, பயப்படாம போங்க."

1994இல் மானாம்பதி பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். அறுபதை ஒட்டிய வயசு, நடவு வேலைக்குப் போகிறவர். வரப்பில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்திருந்தார். மஞ்சள் பை, சலைன் பாட்டில், களுக். எக்ஸ்ரேயில் மூட்டு அழகாக உட்கார்ந்திருந்தது. மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்தேன். கையைத் தூக்கச் சொன்னேன். தோளைக் காதுவரை குலுக்கினாரே தவிர கை இடுப்புக்கு மேலே வரவில்லை. கட்டிவைத்த கை, வலி இருக்கும், போகப் போகச் சரியாகும் என்றேன். மூன்று மாதம் கழித்து வந்தார். "தலைய சீவி கொண்ட போட முடியல சார். மருமவதான் போட்டு வுடறா" என்றார். தோள் இறுகிவிட்டது என்று சொல்லி ஊசி போட்டேன், மாத்திரை கொடுத்தேன், சுவரில் விரலால் ஏறச் சொல்லிக் கொடுத்தேன். நானே கையைத் தூக்கிப் பார்த்தபோது அது தாராளமாக மேலே போனது. இறுகிய தோள் அடுத்தவர் தூக்கினாலும் போகாது. அந்த வித்தியாசம் பாடப் புத்தகத்தில் இருந்தது. நான் அதைப் படித்துத்தான் பரீட்சை பாஸ் பண்ணியிருந்தேன்.

நான் சொன்னபடி அவருக்குத் தோள் உடனே இறங்கவில்லை. கையும் ஏறவில்லை. இரண்டு வருஷம் கழித்து, பரணில் இருந்த சொம்பை எடுக்க எட்டியபோது ஒருமுறை இறங்கியது. பிறகு தூக்கத்தில் புரண்டாலே இறங்க ஆரம்பித்தது. கடைசியில் அவரே ஒரு தந்திரம் கற்றுக்கொண்டார். திண்ணை ஓரத்தில் கையைத் தொங்கவிட்டுத் தானே உள்ளே தள்ளிக்கொள்வார். நடவுக்குப் போவதை நிறுத்திவிட்டார். என்னை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஊரில் யாருக்குக் கை இறங்கினாலும் என்னிடம்தான் அனுப்பிவைத்தார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர் தோளுக்குள் என்ன நடந்திருந்தது என்பது பத்து வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பந்தல்கால் நட்டு முன்னும் பின்னும் கயிறு கட்டுகிறோம். முன்கயிறு அறுந்தாலும் கால் சாயும், பின்கயிறு அறுந்தாலும் சாயும். இளவயசில் முன்கயிறு அறும்: குழியின் முன் விளிம்பில் ஒட்டியிருக்கும் ஜவ்வு பிய்ந்துபோகும். ஜெர்மனியின் பெர்த்தஸ் 1906இலும் லண்டனின் பாங்கார்ட் 1923இலும் எழுதியது இதைப் பற்றித்தான். பாங்கார்ட் பெயர்தான் நிலைத்தது. வயசானவர்களுக்கு ஜவ்வைவிடத் தசைநாண் நைந்து போயிருக்கும். எலும்பு உருண்டையைச் சுற்றிக் கைமுட்டியால் பிடித்தாற்போலப் பிடித்திருக்கும் நாலு தசைநாண்களில் ஒன்றோ இரண்டோ, விழுந்த வேகத்தில் எலும்பிலிருந்து கழன்றுவிடும். அது பின்கயிறு. நியூயார்க்கில் மெக்லாலின் என்பவர் 1950களிலேயே இதைச் சொல்லிவிட்டார். நாங்கள்தான் பாங்கார்டைப் படித்துவிட்டு மெக்லாலினைத் தாண்டிப் போய்விட்டோம்.

பேச்சு வழக்கில் இரண்டுக்கும் 'ஜவ்வு கிழிஞ்சிடுச்சு' என்றுதான் பெயர். நோயாளிக்கு அதில் நஷ்டமில்லை. டாக்டருக்கும் அதே குழப்பம் இருந்தால்தான் ஆபத்து.

வேறு விதமாகவும் ஏமாந்திருக்கிறேன். சாலவாக்கம் போகும் வழியில் ஒரு விவசாயி, மோட்டார் கொட்டகையில் ஸ்விட்சைத் தொட்டு ஷாக் அடித்துவிட்டது. உயிர் தப்பியதே பெரிய விஷயம் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். தோள் வலிக்குத் தைலம் தடவினார்கள். எக்ஸ்ரே வேறு இடத்தில் எடுத்தார்கள், எலும்பு நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். ஐந்தாவது நாள் என்னிடம் வந்தபோது கை வயிற்றோடு ஒட்டிக்கிடந்தது. உள்ளங்கையை மேலே திருப்பி ஒரு ரூபாய் வாங்கச் சொன்னேன், முடியவில்லை. ஷாக் அடிக்கும்போதும் வலிப்பு வரும்போதும் தசைகள் ஒரேயடியாய் இழுத்துக்கொண்டு தோளைப் பின்பக்கமாக நழுவவைக்கும். முன்னாலிருந்து எடுத்த எக்ஸ்ரேயில் அது ஏறக்குறையச் சரியாகவே தெரியும். உற்றுப் பார்த்தால் உருண்டை, குண்டு பல்பு மாதிரி இருபுறமும் சமமாக இருக்கும், அவ்வளவுதான் அடையாளம். பக்கவாட்டில் இன்னொரு படம் எடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்த இரண்டாவது படத்துக்குக் காசு மிச்சம் பிடித்துத்தான் இந்தத் தாலுகாவில் பல கைகள் வீணாகியிருக்கின்றன. என் கையாலும் ஒன்றிரண்டு.

புத்தூர் கட்டு போர்டு இல்லாத சாலை எங்கள் பக்கத்தில் கிடையாது. ஆந்திரத்துப் புத்தூர் பெயரைச் சொல்லி மூங்கில் தப்பையும் மூலிகைப் பசையும் வைத்துக் கட்டுவார்கள். சில எளிய முறிவுகள் அவர்களிடமும் கூடிவிடுகின்றன. அதை மறுக்க மாட்டேன், எங்களிடம் கூடாத முறிவுகளும் உண்டு. தோள் விஷயம் வேறு. இரண்டு மாதம் இறங்கிய தோளோடேயே கட்டுப் போட்டிருந்துவிட்டு வந்த பெரியவர்கள் உண்டு. "கட்டுக் கட்டியும் நிக்கல, நீங்க இஸ்து வுடுங்க" என்று மகன்கள் அடம்பிடிப்பார்கள். அங்கேதான் டாக்டர் பிடிவாதமாக மறுக்க வேண்டும். மூன்று நாலு வாரம் தாண்டினால் உள்ளே எல்லாம் ஒட்டிப்போயிருக்கும். அக்குளில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் வயசானவர்களுக்குச் சுண்ணாம்பு ஏறி விறைத்திருக்கும். இழுக்கும் இழுப்பில் அது கிழிந்தால் உயிர் போகும், இல்லாவிட்டால் கை போகும். திறந்து பார்த்துச் செய்ய வேண்டிய வேலை அது. சொல்லிப் புரியவைத்து அனுப்பிய பலர் என்னைக் கையாலாகாதவன் என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

அந்தக் காலத்தில் திறந்து செய்வதென்றால் தோளின் முன்பக்கம் விரல் நீளத்துக்குக் கீறி, முன் தசைநாணை வெட்டி விலக்கி, உள்ளே போக வேண்டும். ஜவ்வைத் தைப்பதற்காகத் தசைநாணை வெட்டுவது! கபடிப் பையனுக்கு அது பரவாயில்லை. ஏற்கெனவே தசைநாண் நைந்த அறுபது வயசுக்காரருக்கு, வீட்டைப் பூட்டுவதற்காகச் சுவரை இடித்த கதை.

துளை போட்டுக் கருவி நுழைத்துப் பார்ப்பது ஜப்பானில் 1918இல் தக்காகி என்பவர் இறந்தவரின் முழங்காலுக்குள் எட்டிப் பார்த்ததிலிருந்து தொடங்குகிறது. தோளுக்கு அது வந்து சேரப் பல பத்தாண்டு ஆனது. நான் கற்றுக்கொண்டது நாற்பது வயதுக்கு மேல், 2004 வாக்கில். கசாப்புக் கடையிலிருந்து ஆட்டுத் தோளை முன்னங்காலோடு முழுசாக வாங்கிவந்து, வீட்டு மொட்டை மாடியில் ஒரு பழைய கேமராவையும் டிவியையும் வைத்துப் பழகினேன். கண் டிவியில் இருக்க வேண்டும், கை வேறெங்கோ இருக்க வேண்டும். முதல் ஒரு மாதம், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது போலத்தான். மனைவி அந்த ஆட்டுத் தோளைச் சமைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

உள்ளே நுழைக்கும் கருவி நாலு மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு குழாய். தோளுக்குப் பின்னால், எலும்பு முனையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் கீழே விரலால் அமுக்கினால் மெத்தென்று ஓர் இடம் தட்டும், அங்கே துளை. உள்ளே போனதும் சலைனைச் செலுத்தி மூட்டை ஊத வைப்போம். சின்னக் குளத்தின் அடியில் நீந்துவது மாதிரி இருக்கும். வெள்ளை வெளேரென்று எலும்புக் குருத்து, அதன் ஓரத்தில் கயிறு மாதிரி ஜவ்வு, மேலே தசைநாணின் அடிப்பக்கம். ரத்தம் ஒரு சொட்டுக் கசிந்தாலும் குளம் கலங்கிவிடும். அதனால் ரத்த அழுத்தத்தைக் குறைத்து வைக்கும்படி மயக்க மருத்துவரைக் கெஞ்ச வேண்டும். வயசானவருக்கு அழுத்தத்தை ரொம்பவும் இறக்கினால், அதுவும் உட்கார்ந்த நிலையில் செய்தால், மூளைக்கு ரத்தம் போவது குறையும். எனக்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும், அவருக்கு நோயாளியின் மூளை வேண்டும். இந்தச் சண்டை ஒவ்வொரு ஆபரேஷனிலும் நடக்கும். பெரும்பாலும் அவர் ஜெயிப்பார், ஜெயிக்கவும் வேண்டும்.

2012 மின்வெட்டு நினைவிருக்கும் உங்களுக்கு. காஞ்சிபுரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் தசைநாணில் நூலைக் கோத்துவிட்டேன், முடிச்சு இறங்கிக்கொண்டிருக்கிறது, டிவி அணைந்தது. ஜெனரேட்டர் ஆள் டீ குடிக்கப் போயிருந்தான். நாலு நிமிஷம். கையில் நூலைப் பிடித்துக்கொண்டு இருட்டைப் பார்த்தபடி நின்றேன். உள்ளே போன தண்ணீர் சதைக்குள் பரவி, தோள் பூசணிக்காய் மாதிரி வீங்கிக்கொண்டே வந்தது. திறந்து செய்திருந்தால் ஜன்னல் வெளிச்சத்திலாவது முடித்திருக்கலாம் என்று தோன்றியது. அதற்கப்புறம் இன்வெர்டரை என் கண்ணால் பார்க்காமல் கத்தியைக் கையில் எடுத்ததில்லை.

என் கருத்தை முழுசாக மாற்றிய நோயாளி 2015இல் வந்தார். ஐம்பத்தெட்டு வயசு. பஸ் ஓட்டியவர், ஓய்வு பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை, வீட்டு மாடிப்படியில் விழுந்து தோள் இறங்கியது. ஒரு வருஷத்துக்குள் நாலு தடவை. நாலாவது தடவை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் இறங்கிவிட்டது என்று அங்கிருந்தே ஆட்டோவில் வந்தார். கல்வெட்டைக் கையை நீட்டிப் பேரனுக்குக் காட்டினாராம். (பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு அது. ஊர்ச் சபைக்கு நிற்பவருக்கு முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நான் இங்கே பேசுவதும் ஏறக்குறைய அதே வயதுக்காரர்களைப் பற்றித்தான். ஊரை நிர்வாகம் பண்ணத் தகுதியான வயசு, தசைநாண் நைய ஆரம்பிக்கிற வயசு.)

பத்து வருஷம் முன்னால் என்றால் அவருக்கு நான் முன்பக்க ஜவ்வைத் தைத்துவிட்டு அனுப்பியிருப்பேன். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ஜவ்வு ஓரளவுக்குத்தான் பிய்ந்திருந்தது. தோளுக்கு முன்னாலிருந்து கையை உள்பக்கம் திருப்பும் பெரிய தசைநாணின் மேல்பாதி கழன்றிருந்தது. மேலே கையைத் தூக்கும் தசைநாணிலும் கட்டைவிரல் நுழையும் அளவு ஓட்டை. தசையில் கொழுப்பு இன்னும் ஏறவில்லை. அதுதான் அவருடைய அதிர்ஷ்டம். தசைநாண் கழன்று வேலையில்லாமல் கிடந்தால், ஆட்டுக்கறியில் வெள்ளைக் கொழுப்பு ஓடியிருக்குமே, அப்படித் தசைக்குள் கொழுப்பு ஏறும். ஏறிவிட்டால் எவ்வளவு அழகாகத் தைத்தாலும் இழுக்க அங்கே ஆள் இருக்காது.

கழுத்தில் ஊசி போட்டுக் கையை மரக்கவைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆரம்பித்தோம். எலும்பில் ஆங்கர் என்னும் சின்னத் திருகை இறக்கி, அதிலிருந்து வரும் நூலால் தசைநாணைப் பிடித்து எலும்போடு கட்ட வேண்டும். இளவயசு எலும்பில் ஆங்கர் இறங்கும்போது தேக்கில் ஸ்க்ரூ போடுவது போல 'கிறீச்' என்று பிடிக்கும். இவருக்கு முதல் ஆங்கர் வெந்த சேனைக்கிழங்கில் ஆணி அடித்த மாதிரி இறங்கியது. நூலைச் சுண்டியதும் கையோடு வந்துவிட்டது. வியர்த்தது. அந்த ஓட்டையை விட்டுவிட்டு எலும்பு கெட்டியாக இருக்கும் விளிம்புக்கு நகர்ந்து, கொஞ்சம் பெரிய ஆங்கரைச் சாய்வாக இறக்கினேன், கூடாரத்து முளையைச் சாய்த்து அடிப்பது போல. பிடித்தது. தசைநாண்கள் இரண்டையும் கட்டிவிட்டு, மிச்சமிருந்த ஒரு ஆங்கரில் முன்பக்க ஜவ்வையும் சேர்த்துத் தைத்தேன். இரண்டரை மணி நேரம். அனுபவசாலி ஒன்றேகால் மணியில் முடித்திருப்பார்.

ஆறு வாரம் பெல்ட். பிறகு ஆறு மாதம் பயிற்சி. அவருக்கு அதற்கப்புறம் தோள் இறங்கவில்லை, கை காதைத் தாண்டி மேலே போகிறது. ஸ்டியரிங் பிடிக்க யாரும் கூப்பிடாததுதான் குறை என்பார்.

அந்தத் தோளைத் தைத்துக்கொண்டிருக்கும்போதே மானாம்பதி அம்மாவின் நினைவு வந்துவிட்டது. இதே காயம். இதே இடம். மூன்றாவது வாரத்தில் அவர் கை ஏன் ஏறவில்லை என்று நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். என்னால் செய்ய முடியாவிட்டாலும் சென்னைக்கு அனுப்பியிருக்கலாம். 2015இல் அவரைத் தேடிப் போனேன். எண்பதை நெருங்கியிருந்தார். அவர் தோளின் எலும்பு உருண்டை மேலேறிக் கூரை எலும்பில் இடித்துக்கொண்டிருந்தது, படம் எடுக்காமலேயே தெரிந்தது. அவருக்குத் தைக்க அங்கே ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட தோளுக்குப் பிரான்சில் கிராமோன் என்பவர் 1985 வாக்கில் ஒரு வழி கண்டுபிடித்தார்: உருண்டை இருந்த இடத்தில் குழியையும் குழி இருந்த இடத்தில் உருண்டையையும் மாற்றிப் பொருத்துவது. தசைநாண் இல்லாமலே தோள்பட்டையின் வெளித்தசை கையைத் தூக்கிவிடும். சென்னையில் ஏற்பாடு செய்கிறேன் என்றேன். "இந்த ஒண்ணர கையிலயே இருவது வருசம் ஓட்டிட்டேன், இனிமே இன்னா சார்" என்று சிரித்துவிட்டு, உள்ளே போய் இடக்கையால் காபி கலந்து எடுத்துவந்தார்.

எல்லாருக்கும் ஆபரேஷன் வேண்டியதில்லை, இதையும் சொல்லிவிட வேண்டும். மறுபடி இறங்கவில்லை, கையைத் தூக்க முடிகிறது, வலி குறைந்துகொண்டே வருகிறது என்றால், தசைநாணில் சின்ன ஓட்டை இருந்தாலும் பயிற்சியே போதும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, நிறுத்த முடியாத பீடி, வலிப்பு, பக்கவாதம் என்றால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். ஸ்கேனில் கிழிசல் தெரிகிறது என்பதற்காகவே ஆபரேஷனுக்குத் தேதி கொடுக்கும் பழக்கம் பெருகிவருகிறது. அறுபது வயசுக்கு மேல் ஒரு தொல்லையும் இல்லாதவர்களை வரிசையாக நிறுத்தி ஸ்கேன் எடுத்தாலும் பலருக்குத் தசைநாணில் கிழிசல் இருக்கும். ஸ்கேனைத் தைக்க முடியாது, ஆளைத்தான் பார்த்துத் தைக்க வேண்டும். நான்கூட முதல் உற்சாகத்தில் இரண்டு மூன்று பேருக்கு வேண்டாத ஆபரேஷன் செய்தேன் என்று இப்போது நினைக்கிறேன்.

பணம் ஒரு காலத்தில் எல்லாவற்றையும் தீர்மானித்தது. நான் ஆரம்பித்த நாளில் ஒரு ஆங்கர் விலைக்கு ஒரு கறவை மாடு வாங்கலாம். இரண்டு ஆங்கர் என்றால் குடும்பத்தில் வாக்குவாதம் நடக்கும். "ஒண்ணு போதாதா சார்?" 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தபிறகு, மாட்டை விற்காமல் பெரிய ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க முடிகிறது. முன்பெல்லாம் நோயாளியிடம் முதல் கேள்வி எப்படி விழுந்தீர்கள் என்பது. இப்போது அட்டை இருக்கிறதா என்பது. 108 ஆம்புலன்ஸ் வந்ததும் பெரிய மாற்றம். முன்பு மாட்டு வண்டியில், டிராக்டரில் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்; தோள் எவ்வளவு நேரம் வெளியே நிற்கிறதோ அவ்வளவுக்கு நரம்பு நசுங்கும்.

எங்கள் ஊருக்குச் சற்றுத் தள்ளி, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பதினைந்து படுக்கை உள்ள மருத்துவமனை, வைத்தியர் ஒருவர், சல்லியக் கிரியை என்னும் அறுவை செய்ய ஒருவர், நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் என்று சம்பளக் கணக்கோடு பொறித்து வைத்திருக்கிறார்கள். பதினோராம் நூற்றாண்டு. அங்கே போகும்போதெல்லாம் நான் அந்தச் சல்லியக்காரரைத்தான் நினைப்பேன். அவரிடமும் யாராவது கையை ஏந்திக்கொண்டு வந்திருப்பார்கள், இஸ்து வுடச் சொல்லியிருப்பார்கள்.

ஆபரேஷனைவிடப் பெரிய பாடு அதற்குப் பின்னால்தான். பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு நாற்று முடி தூக்கப் போய்விடுவார்கள். இல்லையென்றால் பயந்து ஆறு மாதமும் கழற்றவே மாட்டார்கள். வாரம் இரண்டு முறை பிசியோதெரபிக்குக் காஞ்சிபுரம் வா என்றால் வரமாட்டார்கள், பஸ்ஸுக்கும் கூலி போவதற்கும் யார் கொடுப்பது? அதனால் வீட்டிலேயே செய்ய ராட்டினம் கட்டச் சொல்வேன். கிணற்று ராட்டினத்தை வேப்பங்கிளையிலோ உத்தரத்திலோ கட்டி, கயிற்றின் ஒரு முனையை நல்ல கையிலும் மறு முனையை வலிக்கிற கையிலும் பிடித்து, நல்ல கை இழுக்க மற்றது தானாக மேலே போக வேண்டும். பிசியோதெரபி அறையில் இருக்கும் கப்பிக்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லை. வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் சேந்திய பெண்களுக்கு அதைச் சொல்லித் தரவும் வேண்டாம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியபின் சில கிராமங்களுக்குப் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். என் நோயாளிகளில் கை நன்றாக ஏறியவர்களைக் கணக்கெடுத்தால், நான் நன்றாகத் தைத்தவர்களைவிட அவர் ஒழுங்காகப் போய்ப் பார்த்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

இப்போது வயசானவர்களுக்குத் தோளை உட்காரவைத்த பிறகு நான் செய்வது மாறிவிட்டது. இரண்டு படம் எடுக்கிறேன், முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. தோளின் வெளிப்பக்கம் பஞ்சால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா பார்க்கிறேன், நரம்பு அடிபட்டிருந்தால் அங்கே மரத்திருக்கும். மூன்று வாரம் கட்டி வைப்பதில்லை, வலி குறைந்ததும் பத்து நாளிலேயே ஆட்டச் சொல்கிறேன். இரண்டாவது வாரம் கட்டாயம் திரும்ப வரவைக்கிறேன், வராதவர்களுக்குப் போன் போகிறது.

உங்கள் வீட்டில் நாற்பதைத் தாண்டிய யாருக்காவது தோள் இறங்கி, யாராவது அதை உட்காரவைத்துக் கொடுத்திருந்தால், இரண்டு வாரம் கழித்து அவரை எதிரே நிற்கவைத்து, கும்பிடு போடுவது போலக் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லிப் பாருங்கள். அவராகத் தூக்க முடியாமல், நீங்கள் தூக்கினால் மட்டும் போகிறது என்றால், வலி குறையட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தசைநாண் கிழிசல் சாதாரண அல்ட்ராசவுண்டிலேயே தெரியும். எம்.ஆர்.ஐ.தான் வேண்டுமென்றாலும் காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ காலை பஸ்ஸில் போனால் பொழுது சாயும் முன் வீட்டுக்கு வந்துவிடலாம்.